மூன்று இடத்தில் வெளுத்த ரப்பர்

எங்கள் பக்கம் ரப்பர் என்றால் மரம்தான். ஒருவரை ‘ரப்பர் அண்ணாச்சி’ என்று சொன்னால் மலையோரத்தில் நாலு ஏக்கராவது வைத்திருப்பார் என்று வெளியாள் நினைப்பான். இந்த அண்ணாச்சிக்கு ஒரு மரம்கூடக் கிடையாது. பிரிட்ஜ் கதவின் உள்பக்கம் சுற்றி ஓடுமே ஒரு ரப்பர், கதவை இழுத்து ஒட்டவைப்பது, அது கிழிந்தால் மாற்றித் தருவதுதான் அவர் தொழில். குழித்துறையில் ஒரு கடையில் வாங்குவார். மடித்தால் தடம் விழுந்துவிடும் என்று மடிக்கமாட்டார். கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு மொபெட்டில் வருவார். தூரத்தில் பார்த்தால் வார்டு தேர்தலில் ஜெயித்துவிட்டு வருகிறவர் மாதிரியே இருக்கும்.

பிரிட்ஜின் வேறு எந்த நோயையும் தொடமாட்டார். கேஸ் இறங்கிவிட்டது, மோட்டார் ஓடவில்லை என்றால், “அதுக்கு வேற ஆளப் பாருங்க. நான் கதவுக்காரனாக்கும்” என்று வண்டியைத் திருப்பிவிடுவார்.

வீட்டுக்குள் வந்ததும் முதலில் கேட்பது வெந்நீர். ஒரு டம்ளர் வெந்நீரோடு வந்த புதுப்பெண்களும் உண்டு. அவருக்கு வேண்டியது இருப்பதிலேயே பெரிய சருவம் நிறைய. புது ரப்பரை அதில் முக்கி, நெளிவு எல்லாம் நிமிர்ந்த பிறகு எடுத்துத் துடைத்து, முதலில் நாலு மூலையையும் மாட்டி, அப்புறம் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே போவார். கடைசியாகச் சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுப்பார். புது வருட ஆராதனையில் சபையில் ஆளுக்கொன்றாகத் தருவார்களே, வசனம் அச்சடித்த வாக்குத்தத்த அட்டை, அது. அதைக் கதவிடுக்கில் வைத்து அடைத்துவிட்டு இழுத்துப் பார்ப்பார். பிடிமானம் இருந்தால் ரப்பர் சரி. அட்டை சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் மறுபடியும் வெந்நீர்.

“அண்ணாச்சி, பத்து ரூவா நோட்ட வச்சுப் பாத்தா ஆவாதா?” என்று ஒருநாள் கேட்டேன்.

“நோட்ட வச்சா வீட்டுக்காரனுக்க கண்ணு நோட்டுல நிக்கும் மக்கா. கதவப் பாக்கமாட்டான்.”

இதோடு நின்றிருந்தால் அவரை யார் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார்கள்? கழற்றிய பழைய ரப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, ஜெபமாலை உருட்டுகிற மாதிரி விரலால் தடவிக்கொண்டே போவார். அது ஏன் கெட்டது என்று கண்டுபிடிப்பார். அந்தக் காரணத்தை வீட்டில் இருக்கும் அத்தனை பேரையும் கூப்பிட்டு வைத்துச் சொல்லாமல் வண்டியை எடுக்கமாட்டார். சொல்லாமல் போனால் வயிறு ஊதிவிடுமோ என்னவோ. அதுவும் அத்தனையும் உண்மையாக வேறு இருந்து தொலைக்கும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். எழுபது வயதிலும் காக்கைக் கறுப்புத் தலை. எல்லாம் கையோன்னி எண்ணெயின் மகிமை என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். அண்ணாச்சி போனார், கழற்றினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

“சார், இந்த மேல்மூலைல கறுப்புக் கண்டியளா? பூசணமில்ல, டையாக்கும். தலைல தேச்சிட்டு, காயதுக்கு முன்ன தண்ணி எடுக்க குனிஞ்சிருக்கிய. அந்த மருந்து ரப்பரத் தின்னுட்டு. இனிமே காஞ்சப்பொறவு குடியுங்க.” சாருடைய மருமகன்கள் இரண்டு பேரும் அப்போது அங்கேதான் நின்றார்களாம்.

மண்டைக்காட்டுக் கொடை சமயத்தில் ஒரு ஜூஸ் கடைக்காரர் கூப்பிட்டனுப்பினார். மேல்மூடி வைத்த பெரிய ஐஸ்பெட்டி. மூடி சரியாக உட்காரவில்லை. வேலைக்கு நிற்கிறவர்கள் கவனமில்லாமல் போட்டு மூடுகிறார்கள் என்று கடைக்காரர் கத்திக்கொண்டிருந்தார். அண்ணாச்சி ரப்பரைப் பார்த்தார், மூடியைப் பார்த்தார், கடைக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நாலு பக்கமும் சப்பிக் கெடக்கு. மூடிக்க கனத்துக்கு இவ்வளவு சப்பாது. ஆளு கனமாக்கும். இந்தா, தலை வச்ச எண்ணெத்தடம். உச்சைக்கு நீரு இதுக்க மேல கெடந்து உறங்குகீரு. குளிரு சொகமாத்தான் இருக்கும். ரப்பரு என்ன செய்யும்?”

அவருடைய சித்தாந்தம் ஒன்று ஊருக்கே மனப்பாடம். “கைப்பிடியப் பிடிச்சுத் திறக்கவன் ரப்பரக் கெடுக்கமாட்டான். சத்தம் கேக்காம திறக்கவனாக்கும் கெடுக்கது.” கைப்பிடியை இழுத்தால் டப்பென்று சத்தம் வரும், அடுத்த அறைக்குக் கேட்கும். திருட்டுத்தனமாகத் திறக்கிறவன் ரப்பருக்கும் பெட்டிக்கும் நடுவில் நகத்தை விட்டு நெம்பித்தான் திறப்பான். நாளடைவில் அந்த இடம் கிழியும்.

அதனால் அவர் வருகிறார் என்றால் பெண்கள் முந்தின நாளே பிரிட்ஜைக் கழுவிவிடுவார்கள். அதற்கும் விடமாட்டார். “நேத்தைக்கு சோப்பு போட்டிருக்கிய. கழுவினா ரப்பரு பேசாதுன்னு நெனச்சியளா?” என்பார். அவர் வீட்டில் மட்டும் பிரிட்ஜ் கிடையாது. அவர் மனைவியிடம் யாரோ ஏன் என்று கேட்டதற்கு, “அந்த மனுசன் இருக்க வீட்டுல பிரிட்ஜா? ஒரு வீட்டுக்கு ஒரு போலீசு போதும்” என்றாளாம்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கணவர் மஸ்கட்டில். வீட்டில் நான், மாமியார், மாமனார் மூன்றே பேர். பிரிட்ஜ் என் அப்பா கொடுத்தது. அப்பா மலையோரத்தில் சின்னப் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். தன் கடையில் தயிர் பாக்கெட் வைக்க ஒரு பிரிட்ஜ் வாங்காதவர், எனக்கு வாங்கிக் கொடுத்தார். அதன் கதவு ஒன்றரை வருடத்தில் ஒட்டாமல் போய்விட்டது. உள்ளே ஐஸ் மலைபோல வளர்ந்தது. வெளியே தண்ணீர் ஒழுகியது. மோட்டார் ஓய்வில்லாமல் உறுமியது.

“அறைஞ்சு அறைஞ்சு அடைச்சா எந்தக் கதவு நிக்கும்?” என்பாள் மாமி. நான் அறைந்ததே இல்லை என்று சொன்னால், “அப்ப உங்க அப்பன் வாங்கித் தந்த பிரிட்ஜு மட்டம்” என்பாள். இரண்டில் ஒன்றை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். கையில் இரண்டு பாத்திரம் இருக்கும்போது குதிகாலால் தள்ளியிருக்கிறேன், அறைந்ததில்லை. அப்பாவை மட்டம் சொன்னால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஆனால் நான் ஒன்றும் பாலில் குளித்தவள் இல்லை. அந்த பிரிட்ஜின் பின்வரிசையில் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சக்கவரட்டி இருந்தது. பலாச்சுளையை வெல்லமும் நெய்யும் விட்டு அல்வா பதத்துக்குக் கிண்டி என் அம்மா கொடுத்துவிட்டது. “கிறிஸ்துமசுக்கு எனக்க மவன் வருவான். அதுவரைக்கும் ஆரும் தொடப்படாது” என்று மாமி உத்தரவு போட்டிருந்தாள். அவளுக்குச் சுகர் வேறு. இனிப்பை அறவே விட்டுவிட்டேன், ஆண்டவர் பெலன் தந்தார் என்று பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் எழுந்து நின்று சாட்சி சொல்லியிருந்தாள். உச்சைக்கு அவள் கண்ணயர்ந்ததும் நான் பிரிட்ஜின் நடுப்பக்கம் நகத்தை விட்டு நெம்பித் திறந்து ஒரு விரல் எடுப்பேன். என் அம்மா கிண்டியதுதானே!

ஒன்று மட்டும் விளங்கவில்லை. நான் எடுத்தது ஒரு விரல், பாட்டிலில் குறைவது மூன்று விரல். யாரிடம் கேட்பது?

அந்த வருடம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை வந்தது. தோட்டத்தில் விளைந்ததை ஆலயத்துக்குக் காணிக்கையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். அன்றைக்குச் சேனைக்கிழங்குக்குப் போட்டி நடந்தது. வாழைக்குலைக்கு அண்ணன் தம்பி இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு கோழியை எடுத்தவர் மறுபடி காணிக்கையாகக் கொடுக்க, அதை எடுத்தவரும் கொடுக்க, மூன்று தடவை ஏலம் போயிற்று. கோழிக்குத்தான் ஒன்றும் புரியவில்லை. அடுத்து கமிட்டிக்காரர் ஒரு புது ரப்பரைத் தூக்கிக் காட்டினார். நிலம் இல்லாத நம் அண்ணாச்சியின் காணிக்கை: ஒரு வீட்டுக்கு பிரிட்ஜ் ரப்பர் மாற்றித் தருவார்.

யாரும் வாய் திறக்கவில்லை. தலைமையாசிரியர் செருப்பைத் தேடினார்.

“நல்ல புது ரப்பரு. ஆளு வீட்டுக்கு வந்து மாட்டித் தருவாரு” என்று கமிட்டிக்காரர் கெஞ்சினார்.

“மாட்டிட்டு வாய வச்சிட்டுச் சும்மா போவாரா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல். சபை சிரித்தது. அண்ணாச்சியும் சிரித்தார், ஆனால் அவர் கை சட்டைப் பையில் இருந்த அட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

“எனக்கு வேணும்” என்று பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தாள் மாமி. “எனக்க மருமவ கொண்டு வந்த பிரிட்ஜுக்கு ஆவட்டும். ஒண்ணர வருசத்துல கதவு அடையல்ல. என்ன கேடுன்னு இவரே வந்து சொல்லட்டும்.”

அத்தனை தலையும் என்னைப் பார்த்துத் திரும்பியது. சாயங்கால பஸ்ஸிலேயே இது என் அப்பா கடைக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை வருவதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை உச்சைக்கு மாமி உறங்கியதும் நான் சோப்புத் தண்ணீரால் ரப்பரின் நடுப்பக்கத்தைத் தேய்த்துக் கழுவினேன்.

மறுநாள் அண்ணாச்சி வந்தார், கழுத்தில் மாலையோடு. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஐஸ்கட்டி வேண்டும் என்று கையில் ஒரு கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஐஸ்கட்டிக்கு அவள் வீட்டிலேயே பிரிட்ஜ் இருந்தது. அண்ணாச்சி பழைய ரப்பரைக் கழற்றி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நான் பார்த்தேன். ரப்பர் முழுக்க ஒன்றரை வருட அழுக்கு. அதில் மூன்றே மூன்று இடம் மட்டும் பளிச்சென்று வெளுத்திருந்தது. மேலே ஒரு சாண், நடுவில் ஒரு சாண், கீழே ஒரு சாண். நடுவில் உள்ளது என் கைவேலை. மற்ற இரண்டும்?

மாமியைப் பார்த்தேன். முழங்கால் வலிக்காரி; பலகையைப் போட்டு உட்கார்ந்துதான் எதையும் எடுப்பாள். மாமாவைப் பார்த்தேன். ஆறடி ஆள். அவர் சுவரோடு ஒட்டி நின்று காலண்டரில் போன மாதத்தைப் படித்துக்கொண்டிருந்தார்.

“இது அறைஞ்ச கேடு இல்ல” என்றார் அண்ணாச்சி. “அறைஞ்சா ஒரே சீரா நசுங்கும். மருமவளச் சொல்லாதீங்க அக்கா. இது மேல, நடுவில, கீழன்னு மூணு எடத்துல கிழிஞ்சிருக்கு. அந்த மூணு எடமும்தான் வெளுத்திருக்கு.”

“அது எப்பிடி அண்ணாச்சி மூணு எடத்துல?” என்று ஸ்டெல்லா அக்கா கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். மாமி அவரைப் பார்த்தாள். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி, எதற்கும் அசையாதவள், முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் இரண்டும் கலங்கியிருந்தது. அண்ணாச்சி தூக்கிப் பிடித்த ரப்பரைக் கீழே இறக்கினார்.

“எறும்பு” என்றார்.

ஸ்டெல்லா அக்காவுக்கு முகம் தொங்கிப்போயிற்று. அண்ணாச்சி வெந்நீர், மூலை, அட்டை என்று வேலையை முடித்தார். மாமி கொண்டுவந்த காப்பியைக் குடிக்காமல் போனார். அவர் ஒரு வீட்டில் காப்பியை விட்டுவிட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

அன்று மாலைக்குள் மாமி தேறிக்கொண்டாள். “எறும்பாம்! நல்ல பிரிட்ஜுல எறும்பு ஏறுமா? உங்க அப்பன் பாத்து வாங்கின லெச்சணம் கண்டியா?” ஸ்டெல்லா அக்காவிடமும் சொன்னாள், ஐக்கியத்திலும் சொன்னாள். என் அம்மா போன் பண்ணி, “அப்பா ரெண்டு நாளா சரியா சாப்பிடல்ல ஏட்டி” என்றாள்.

வியாழக்கிழமை சந்தையில் அண்ணாச்சியைப் பார்த்தேன். “மாமி என்ன சொன்னாவ மக்கா?” என்று கேட்டார்.

“பிரிட்ஜு மட்டம், அதான் எறும்பு ஏறிட்டுன்னு சொல்லுகாவ. எங்க அப்பா காதுக்குப் போயாச்சு. சாப்பிடாம கெடக்காவளாம்.”

அவர் முகம் சுருங்கிப்போனது. “ஒரே ஒரு காரணத்த மாத்திச் சொன்னேன். அது போயி உனக்க அப்பனுக்க தலைல விழுந்திட்டா?” என்றார். கையில் இருந்த ரப்பரைச் சுருட்டி மடக்கினார். அவர் ரப்பரை மடக்கி நான் பார்த்ததே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் சாட்சி நேரம். யாருக்காவது நோய் தீர்ந்தது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று எழுந்து சொல்வார்கள். ஆண்கள் பக்கம் அண்ணாச்சி எழுந்தார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நானும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் கைபிடித்தது அதுதான் முதல்.

“நான் ஒரு வீட்டுல ஒரு பொய் சொல்லிட்டேன்” என்றார் அண்ணாச்சி. “எந்த வீடுன்னு சொல்லமாட்டேன்.”

சபை மொத்தமும் திரும்பி எங்களைப் பார்த்தது. ஏலம் எடுத்தது ஊரறிய ஒரே வீடு!

“எறும்புன்னு சொன்னேன். எறும்பு பாவம், அது ஒண்ணும் செய்யல்ல. பிரிட்ஜும் நல்ல பிரிட்ஜாக்கும். அத வாங்கித் தந்த தகப்பன் நல்லதப் பாத்துத்தான் வாங்கியிருக்காரு. எனக்க வாயால அவருக்கு ஒரு கெட்ட பேரு வந்துபோச்சு. திறந்தது ஆருன்னு நான் சொல்ல வரல்ல. ஆண்டவரு என்ன மன்னிக்கட்டும்.”

உட்காரவில்லை. அழுதுகொண்டே நின்றார். போதகர் அவசரமாகப் பாட்டு எண்ணைச் சொல்லப் போனார். அதற்குள் மாமி என் கையை விட்டாள். முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் மளுக்கென்று சத்தம் கேட்க, எழுந்தாள்.

“கீழ உள்ளது நானாக்கும்” என்றாள். “சக்கவரட்டி தின்னேன். இனிப்ப விட்டுட்டேன்னு சாட்சி சொன்னது நெசமில்ல. எனக்க மருமவ கதவ அறையல்ல. அவளுக்க அப்பன் தந்தது நல்ல பிரிட்ஜு. நானாக்கும் கெடுத்தேன்.”

அப்போது ஆண்கள் பக்கம் ஓர் ஆறடி உருவம் எழுந்தது. ஆயுளில் ஒரு தடவைகூடச் சாட்சி சொல்லாத என் மாமனார். “மேல உள்ளது நான்” என்றார். உடனே உட்கார்ந்துவிட்டார்.

சபை சிரித்த சிரிப்பில் போதகரும் முகத்தை அங்கியால் மூடிக்கொண்டார். அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெண்கள் பக்கத்தில் வரிசை வரிசையாகத் தேடி, கடைசியில் என்மேல் பார்வையை நிறுத்தினார். மூன்றில் இரண்டு தீர்ந்தது, ஒன்று பாக்கி. நான் பாட்டுப் புத்தகத்தில் குனிந்துகொண்டேன். எண் இன்னும் சொல்லவே இல்லை, ஆனாலும் மும்முரமாகத் தேடினேன். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவர் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது மாமா வேகமாக முன்னால் போய்விட்டார். மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் கேட்டாள்.

“ஏட்டி, கீழ உள்ளது நான். மேல உள்ளது உனக்க மாமா. நடுவில உள்ளது ஆரு?”

“எறும்பு மாமி” என்றேன்.

மாமி நின்றுவிட்டாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, கண்ணில் தண்ணீர் வர. வீட்டுக்குப் போனதும் கைப்பிடியைப் பிடித்து டப்பென்று பிரிட்ஜைத் திறந்து பாட்டிலை வெளியே எடுத்தாள். எனக்கு ஒரு கரண்டி, மாமாவுக்கு ஒரு கரண்டி, தனக்கு ஒரு நுள்ளு. பிறகு என் அப்பாவுக்கு அவளே போன் பண்ணினாள். “பிரிட்ஜு நல்லா இருக்கு, கேட்டியளா?” என்று இரண்டு தடவை சொன்னாள்.

அதன்பின் வழியில் எங்கே பார்த்தாலும் அண்ணாச்சி மொபெட்டை நிறுத்துவார். “எறும்பு சொகமா இருக்கா மக்கா?” என்று கேட்பார். அவ்வளவுதான். யாரிடமும் மேற்கொண்டு ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஊரில் ஒருவர் வீட்டுக் காரணத்தையும் வயிற்றில் வைத்திருக்கத் தெரியாத மனுசன், என்னுடைய ஒன்றை மட்டும் பத்துப் பன்னிரண்டு வருடம் பத்திரமாக வைத்திருந்தார்.

போன வருடம் அவர் அடக்க ஆராதனையில் தலைமையாசிரியர் வெள்ளைத் தலையோடு வந்து பேசினார். ஜூஸ் கடைக்காரர் பேசினார். எல்லாரும் தங்கள் தங்கள் ரப்பர் கதையைச் சொல்லிச் சிரித்து அழுதார்கள். வேறு யாராவது பேசுகிறீர்களா என்று போதகர் கேட்டார். அன்றைக்கும் நான் பாட்டுப் புத்தகத்தில் எண் தேடினேன்.

இப்போது சொல்லிவிடுகிறேன் அண்ணாச்சி. நடுவில் உள்ளது நான்தான்.